ஜிமி ஹென்ட்ரிக்ஸ்

ஜிமி ஹென்ட்ரிக்ஸ் (நவம்பர் 27, 1942 – செப்டம்பர் 18, 1970) அமெரிக்காவைச் சேர்ந்த மின்கிட்டார் கலைஞரும் பாடகரும் பாடலாசிரியரும் ஆவார். ராக் இசையில் மின்கிட்டாரின் போக்கை மாற்றியமைத்தவர்களுள் முதன்மையானவராகக் கருதப்படுகிறார். உலகம் அறிந்த கலைஞராக இவர் விளங்கியது ஏறத்தாழ நான்கு ஆண்டுகளே. அக்காலத்தில் மூன்று கலையக இசைத்தொகுப்புகளை மட்டுமே வெளியிட்டார். கிட்டார், அதன் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர், காலால் இயக்கப்படும் பெடல்கள் ஆகிய மூன்றையும் ஒரே இசைக்கருவியாகக் கொண்டு வாசித்தது இவரது தனிச்சிறப்பு. ஆகையால் இவரது வாழ்க்கையை இவர் கையாண்ட கருவிகளோடு சேர்த்தே எழுத வேண்டியுள்ளது.

இளமைக் காலம்

வாஷிங்டன் மாநிலத்தின் சியாட்டில் நகரில் பிறந்தார். தந்தை ஆல் ஹென்ட்ரிக்ஸ், தாய் லூசில். குழந்தை பிறந்தபோது தந்தை படைப்பணியில் இருந்தார். ஜானி ஆலன் என்று முதலில் இடப்பட்ட பெயரைத் தந்தை 1946-இல் ஜேம்ஸ் மார்ஷல் என மாற்றினார். பெற்றோர் பின்னர் மணமுறிவு பெற்றனர். வறுமையும் அடிக்கடி வீடு மாறுதலும் நிறைந்த இளமை இவருடையது. தாய் 1958 பிப்ரவரியில் இறந்தார்.

பள்ளிச் சிறுவனாக இருந்தபோது துடைப்பத்தைக் கிட்டாராகப் பாவித்து மீட்டுவது இவரது வழக்கம். அதைக் கவனித்த பள்ளியின் சமூகப் பணியாளர், இச்சிறுவனுக்கு ஒரு கிட்டார் வாங்கித்தர நிதியுதவி கோரி எழுதியும் பயன் கிட்டவில்லை. 1957-இல் மூதாட்டி ஒருவரின் வீட்டுக் குப்பைகளை அகற்றும் வேலையில் தந்தைக்கு உதவியபோது ஒற்றைத் தந்தி மட்டும் எஞ்சியிருந்த ஓர் உகுலேலேயைக் கண்டெடுத்தார். மூதாட்டி அதை அவரையே வைத்துக்கொள்ளச் சொன்னார். அந்த ஒரு தந்தியிலேயே வானொலியில் கேட்ட பாடல்களை வாசித்துப் பழகினார். மறு ஆண்டு ஐந்து டாலர் விலையில் ஒரு மரக்கிட்டார் கைக்கு வந்தது.

மரக்கிட்டாரின் ஒலி, தோழர்களின் குழுவில் மற்ற கருவிகளுக்கிடையே எடுபடவில்லை. எனவே 1959-இல் தந்தை அவருக்கு வெள்ளை நிறச் சுப்ரோ ஓசார்க் மின்கிட்டாரை வாங்கித் தந்தார். முதல் மேடை நிகழ்ச்சி சியாட்டிலில் ஒரு யூதக் கோயிலின் நிலவறையில் நடந்தது. மிகையாக வித்தை காட்டினார் என்று இடைவேளையிலேயே குழுவிலிருந்து நீக்கப்பட்டார்! பின்னாளில் இதே வித்தைகளைக் காண்பதற்குக் கூட்டம் திரண்டது என்பதை இங்கு நினைவிற் கொள்ளலாம். சிறிது காலத்தில், நிகழ்ச்சி அரங்கில் விட்டுவந்த சுப்ரோ களவு போயிற்று. பிறகு தந்தை சிவப்பு நிற டேன்எலெக்ட்ரோ ஒன்றை வாங்கித் தந்தார்.

இடக்கை வாசிப்பு

ஹென்ட்ரிக்ஸ் இடக்கைப் பழக்கமுடையவர். இடக்கையால் வாசிப்பதைத் தந்தை விரும்பாததால், அவர் முன்னிலையில் வலக்கையாலும் அவர் இல்லாதபோது இடக்கையாலும் வாசித்ததாகத் தம்பி லியோன் நினைவுகூர்ந்துள்ளார். இடக்கையாளருக்கான கிட்டார்கள் அரிதாகவும் விலை கூடியும் இருந்தன. அதனால் வலக்கைக் கிட்டாரைத் தலைகீழாகத் திருப்பி, தந்திகளை மட்டும் மாற்றிக் கட்டி வாசித்தார். கருவியைத் தெரிவு செய்யும் வசதி வந்த பின்னரும் பெரும்பாலும் இம்முறையையே தொடர்ந்தார்.

பிற்காலத்தில் இவர் பெயரோடு ஒன்றிவிட்ட ஃபெண்டர் ஸ்ட்ரடோகாஸ்டர் கிட்டாரில் இம்மாற்றம் சில எதிர்பாராத விளைவுகளைத் தந்தது. ஒலியளவையும் தொனியையும் மாற்றும் குமிழ்களும், தந்திகளைத் தளர்த்திச் சுரத்தை வளைக்கும் நெம்புகோலும் கீழ்ப்புறத்திலிருந்து மேற்புறத்துக்கு வந்தன. தந்தியின் அதிர்வை மின்குறிப்பாக மாற்றும் காந்தச் சுருள்கள் பிக்கப் எனப்படும். ஸ்ட்ரடோகாஸ்டரில் உள்ள மூன்று பிக்கப்களுள் பாலத்துக்கு அருகே இருப்பது சாய்வாகப் பொருத்தப்பட்டது. கிட்டாரைத் திருப்பியதும் சாய்வும் மாறிற்று. தடித்த தந்திகளின் ஒலி பாலத்துக்கு நெருக்கமாகவும், மெல்லிய தந்திகளின் ஒலி சற்று விலகியும் உணரப்பட்டது. எனவே கீழ்ச்சுரங்கள் கூர்மையாகவும் மேற்சுரங்கள் மென்மையாகவும் ஒலித்தன. தந்தி முறுக்கும் ஆணிகளின் வரிசையும் தலைகீழானதால் தடித்த தந்தி மிக நீண்டும் மெல்லிய தந்தி மிகக் குறுகியும் அமைந்தது. இதனால் தந்தியைத் தள்ளி வளைக்கும்போது விரலுக்குத் தெரியும் இறுக்கம் மாறுகிறது என்பர். வேறு சிலர் அதை ஏற்பதில்லை.

இவரது கைகள் பெரியவை. பெருவிரலைக் கிட்டாரின் கழுத்துக்கு மேலாக வளைத்துத் தடித்த தந்தியை அழுத்தினார். அதனால் மற்ற நான்கு விரல்களும் இன்னிசையை வாசிக்க உதவின. தாளக் கிட்டார், தனிக் கிட்டார் என இருவர் செய்யும் வேலையை ஒருவரே செய்வதாகக் கேட்போர் மயங்குவதற்கு இதுவே காரணம். தந்திகளை வழக்கத்தைவிட அரைச்சுரம் தாழ்த்திச் சுருதி கூட்டுவதும் இவர் வழக்கம். தந்தி தளர்வதால் வளைப்பது எளிதாகும், பாடும் குரலுக்கும் இது ஏதுவானது.

படையிலும் பயணத்திலும்

திருட்டுக் கார்களில் பயணித்ததற்காக இருமுறை பிடிபட்ட ஹென்ட்ரிக்சுக்குச் சிறை அல்லது படைப்பணி என்ற நிலை ஏற்பட்டது. 1961 மே மாதத்தில் படையில் சேர்ந்தார். கென்டக்கி மாநிலத்தின் ஃபோர்ட் கேம்பெல் முகாமில் 101-ஆவது வான்படைப் பிரிவில் பணியாற்றினார். தந்தைக்குக் கடிதம் எழுதித் தம் சிவப்புக் கிட்டாரை அனுப்பச் சொன்னார். முகாமில் இவர் வாசிப்பதை வெளியிலிருந்து கேட்டு உள்ளே நுழைந்தவர் பில்லி காக்ஸ் என்ற படைவீரர். பேஸ் கிட்டார் கலைஞரான அவருடன் ஏற்பட்ட நட்பு இறுதிவரை நீடித்தது. 1962-இல் படையிலிருந்து விடுவிக்கப்பட்டார். வான்குடையுடன் குதிக்கையில் கணுக்கால் முறிந்ததே காரணம் என்று அவர் கூறிவந்தார். ஆனால் கடமையில் நாட்டமின்மையையே படை ஆவணங்கள் குறிப்பிடுகின்றன.

அடுத்த நான்கு ஆண்டுகள் கறுப்பின மக்களுக்கான அரங்குகளில் பிறருக்குப் பின்னணி வாசிப்பவராகக் கழிந்தன. ஐஸ்லி சகோதரர்கள், லிட்டில் ரிச்சர்ட், கர்ட்டிஸ் நைட், கிங் கர்ட்டிஸ் முதலியோரின் குழுக்களில் இருந்தார். அக்காலத்தில் ஃபெண்டர் நிறுவனத்தின் டியோ-சோனிக், ஜாஸ்மாஸ்டர் ஆகிய கிட்டார்களை வாசித்தார். முதன்மைப் பாடகரை மிஞ்சும் உடையும் ஆட்டமும் இவருக்குப் பல இடங்களில் பகையைத் தேடித் தந்தன. 1965-இல் ஒரு தயாரிப்பாளருடன் ஒரு டாலரை முன்பணமாகப் பெற்று மூன்றாண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அப்போது அதைப் பெரிதாக எண்ணவில்லை. அதன் விளைவு பின்னர் வந்தது.

லண்டன்

1966-இல் நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ் பகுதியில் சொந்தக் குழு ஒன்றை நடத்தினார். லிண்டா கீத் என்ற ஆங்கிலேயப் பெண் இவரது திறமையை உணர்ந்தார். அவர் அப்போது ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்சின் காதலி. ரிச்சர்ட்சுக்கு உரிய வெள்ளை ஸ்ட்ரடோகாஸ்டர் ஒன்றை அவர் ஹென்ட்ரிக்சுக்குக் கொடுத்ததாகச் சொல்லப்படுகிறது. அனிமல்ஸ் குழுவின் பேஸ் கிட்டார் கலைஞர் சாஸ் சாண்ட்லரை அழைத்துவந்து இவர் வாசிப்பைக் கேட்கச் செய்தவரும் அவரே. சாண்ட்லர் இவரை லண்டனுக்கு அழைத்துச் சென்றார். செப்டம்பர் 24, 1966 அன்று லண்டன் வந்திறங்கினார். ஜிம்மி என்ற பெயரின் எழுத்துக்கள் ஜிமி என மாறியதும் இக்காலத்திலேயே. ஒரு வாரத்துக்குள், அந்நாளில் இங்கிலாந்தின் தலைசிறந்த கிட்டார் கலைஞராகப் போற்றப்பட்ட எரிக் கிளாப்டனின் கிரீம் குழுவோடு மேடையேறி வாசித்து அவரையே திகைக்க வைத்தார்.

பேஸ் கிட்டாருக்கு நோயல் ரெட்டிங்கும் டிரம்சுக்கு மிட்ச் மிட்செலும் சேர, ஜிமி ஹென்ட்ரிக்ஸ் எக்ஸ்பீரியன்ஸ் குழு உருவாயிற்று. கையில் பணமில்லை. சாண்ட்லர் தம் சொந்தக் கிட்டார்களை விற்றுச் செலவுகளைச் சமாளித்தார்.

மார்ஷல் பெருக்கிகள்

லண்டனில் முதலில் கிடைத்த சிறிய பெருக்கிகள் ஹென்ட்ரிக்சுக்கு நிறைவளிக்கவில்லை. மிட்செல் முன்னர் மேற்கு லண்டனில் ஜிம் மார்ஷல் என்பவரிடம் டிரம்ஸ் பயின்று, அவரது கடையிலும் வேலை பார்த்தவர். அவர் வழியாக ஹென்ட்ரிக்ஸ் மார்ஷலைச் சந்தித்தார். ஜேம்ஸ் மார்ஷல் என்ற பெயர் இருவருக்கும் பொதுவாக அமைந்தது வியப்புக்குரிய தற்செயல். இலவசமாகக் கருவி கேட்க வந்த இன்னொரு அமெரிக்கர் என்றே மார்ஷல் முதலில் எண்ணினாராம். ஹென்ட்ரிக்ஸ் முழு விலை கொடுக்க முன்வந்தார். எங்கு சென்றாலும் பழுது பார்த்துத் தர வேண்டும் என்பது மட்டுமே அவரது நிபந்தனை.

இவர் வாங்கியவை 100 வாட்டு ஆற்றலுடைய வால்வு பெருக்கிகள். த ஹூ குழுவினர் இன்னும் உரத்த ஒலி வேண்டுமென்று கேட்டதால் மார்ஷல் உருவாக்கியவை அவை. 1959 என்பது அப்பெருக்கியின் வடிவ எண், தயாரித்த ஆண்டு அன்று. ஒவ்வொன்றும் நான்கு 12 அங்குல ஒலிபெருக்கிகள் கொண்ட பெட்டிகளோடு இணைக்கப்படும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இப்பெட்டிகள் ஆள் உயரத்தை எட்டின. மேடையில் இவ்வடுக்குகள் இரண்டு, மூன்று என நின்றன.

குமிழ்களை உச்சத்துக்குத் திருப்பி வைப்பது இவர் வழக்கம். அவ்வாறு செய்யும்போது வால்வுகள் தம் எல்லையைக் கடந்து ஒலியைச் சிதைக்கின்றன. மேலும், ஒலிபெருக்கியிலிருந்து வரும் ஒலி கிட்டாரின் தந்தியை மீண்டும் அதிரச் செய்து, அவ்வதிர்வு மறுபடியும் பெருக்கப்பட்டு, முடிவில்லாத ஊளையாக மாறுகிறது. பிறர் குறையாகக் கருதித் தவிர்த்த இப்பின்னூட்டத்தை ஹென்ட்ரிக்ஸ் சுரமாக்கினார். நிற்கும் இடத்தையும் கிட்டாரின் கோணத்தையும் மாற்றி, நெம்புகோலை அசைத்து, வேண்டிய சுரத்தை வேண்டிய நேரம் நிறுத்தி வைக்க அவரால் முடிந்தது. கிட்டார் ஒலியளவுக் குமிழைச் சற்றே குறைத்தால் அதே பெருக்கி தெளிந்த, மணி போன்ற ஒலியைத் தரும். கைக்கு அருகில் மேற்புறம் வந்துவிட்ட குமிழ் இதற்குப் பெரிதும் உதவியிருக்க வேண்டும்.

இடையில் அமெரிக்கப் பயணங்களின்போது ஒப்பந்தம் காரணமாகச் சன் நிறுவனத்தின் பெருக்கிகளையும் பயன்படுத்தினார். அவை நிறைவளிக்காததால் மீண்டும் மார்ஷலுக்கே திரும்பினார்.

பெடல்கள்

ஃபஸ் ஃபேஸ் என்பது 1966-இல் லண்டனில் ஆர்பிட்டர் நிறுவனம் வெளியிட்ட வட்ட வடிவப் பெடல். ஒலிவாங்கித் தாங்கியின் அடித்தட்டைப் பார்த்து அதற்கு அவ்வடிவம் தரப்பட்டது. இரண்டே டிரான்சிஸ்டர்கள் கொண்ட எளிய சுற்று அது. தொடக்கத்தில் அவை ஜெர்மானியத்தால் ஆனவை. வெப்பநிலைக்கேற்ப ஒலி மாறும் என்பதோடு, ஒன்றுபோல் இன்னொன்று ஒலிக்காது. எனவே பலவற்றை வாங்கிச் சோதித்து நல்லதைப் பொறுக்கியெடுக்க வேண்டியிருந்தது. பிந்திய ஆண்டுகளில் சிலிக்கன் டிரான்சிஸ்டர் கொண்டவற்றைப் பயன்படுத்தினார்.

இப்பணியில் துணை நின்றவர் ராஜர் மேயர். பிரித்தானியக் கடற்படைத் துறையில் ஒலி, அதிர்வு குறித்த ஆய்வுப் பணியில் இருந்த இளைஞர் அவர். 1967 தொடக்கத்தில் ஹென்ட்ரிக்சைச் சந்தித்துத் தாம் உருவாக்கிய ஆக்டேவியா என்ற கருவியைக் காட்டினார். வாசிக்கும் சுரத்தோடு அதற்கு ஒரு ஸ்தாயி மேலான சுரத்தையும் சேர்த்துத் தருவது அதன் இயல்பு. சில வாரங்களில், பர்ப்பிள் ஹேஸ், ஃபயர் ஆகிய பாடல்களின் தனி வாசிப்பில் அது இடம்பெற்றது. ஆக்டேவியா அப்போது கடைகளில் விற்கப்படவில்லை. பதிவுகளைக் கேட்டு அவ்வொலியைக் கண்டுபிடிக்க முயன்ற பிற கிட்டார் கலைஞர்கள் பட்ட பாடு கொஞ்சமன்று.

வா-வா பெடல் மனித வாயின் அசைவைப்போல் ஒலியின் நிறத்தைத் திறந்து மூடுவது. வாக்ஸ் நிறுவனத்தின் பெடலை 1967 நடுப்பகுதியிலிருந்து பயன்படுத்தினார். 1968-இல் பதிவான வூடூ சைல்ட் பாடலின் தொடக்கம் இதற்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. அங்கு இன்னிசை தொடங்கும் முன், தந்திகளை அமுக்கி ஒலியடக்கி, பெடலை மட்டும் இயக்கித் தாளமாக்கியிருப்பார்.

கடைசியாக வந்தது யூனி-வைப். ஜப்பானின் சின்-ஏய் நிறுவனம் தயாரித்த இக்கருவியினுள் ஒரு சிறு மின்விளக்கு மின்னி மின்னி அணையும். அதைச் சுற்றியுள்ள நான்கு ஒளியுணரிகள் அவ்வொளிக்கேற்ப ஒலியின் கட்டத்தை மாற்றும். நீருக்கடியில் ஒலிப்பது போன்ற அலைவு அதனால் உண்டாகிறது. 1969-க்குப் பிந்திய நிகழ்ச்சிகளில் கிட்டாரிலிருந்து சுருள் கம்பி வழியாக வா-வா, ஃபஸ் ஃபேஸ், யூனி-வைப் என்ற வரிசையில் சென்று பெருக்கியை அடைவது வழக்கமாக இருந்தது. இன்றைய கலைஞர்கள் வைத்திருக்கும் பெடல் பலகைகளோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய தொகுதியே.

கிட்டார் எரிப்பு

மார்ச் 31, 1967 அன்று லண்டன் அஸ்டோரியா அரங்கில் முதன்முறையாகக் கிட்டாரைக் கொளுத்தினார். கையில் தீக்காயமும் ஏற்பட்டது. அவ்வாண்டு ஜூன் 18 அன்று கலிபோர்னியாவின் மான்டெரி இசைவிழாவில் மீண்டும் அதைச் செய்தார். த ஹூ குழுவினர் மேடையில் கிட்டாரை உடைப்பவர்கள். யார் முதலில் மேடையேறுவது என்பது நாணயம் சுண்டித் தீர்க்கப்பட்டது. ஹென்ட்ரிக்ஸ் பின்னால் வர நேர்ந்தது. கடைசிப் பாடலுக்கு, தாமே வண்ணம் தீட்டியிருந்த வேறொரு ஸ்ட்ரடோகாஸ்டரை எடுத்துக்கொண்டார். எரித்தது அதைத்தான். பாடல்களில் பெரும்பாலானவற்றுக்கு வாசித்த கறுப்புக் கிட்டார் தப்பியது. அந்நிகழ்ச்சியோடு தாய்நாட்டில் பெயர் பெற்றார். இவர் எப்போதும் கிட்டாரை எரிப்பவர் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. உண்மையில் மிகச் சில முறையே அவ்வாறு செய்தார். பின்னாளில் மக்கள் இசையை விட்டு வித்தையை எதிர்பார்ப்பது குறித்து அவர் சலிப்படைந்தார்.

பிற கிட்டார்கள்

ஸ்ட்ரடோகாஸ்டர் தவிர, கிப்சன் நிறுவனத்தின் அம்பு வடிவ ஃபிளையிங் வி கிட்டாரைப் புளூஸ் பாடல்களுக்கு விரும்பி வாசித்தார். 1967-இல் வாங்கிய ஒன்றின் மேல் தாமே ஓவியம் தீட்டினார். வெள்ளை நிற கிப்சன் எஸ்.ஜி. கஸ்டம் ஒன்றும் இவரிடம் இருந்தது. மரக்கிட்டாரில் இவர் வாசிப்பைக் காட்டும் பதிவுகள் மிகக் குறைவு. 1967 டிசம்பரில் பன்னிரு தந்தி செமைட்டிஸ் கிட்டாருடன் தனியே அமர்ந்து பாடிய ஒரு படக்காட்சி உள்ளது. பெருக்கியும் பெடலும் இல்லாமல் இவரைக் கேட்க விரும்புவோர் அதைப் பார்க்க வேண்டும். 1968–69-இல் லண்டன் புரூக் தெருவில் 23-ஆம் எண் வீட்டில் வசித்தபோது எபிஃபோன் மரக்கிட்டார் ஒன்றில் பாடல்களை அமைத்துப் பார்ப்பார். அடுத்த வீடு, 18-ஆம் நூற்றாண்டில் இசையமைப்பாளர் ஹாண்டல் வாழ்ந்த வீடாகும். ஹென்ட்ரிக்சின் குடியிருப்பும் 2016-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

உட்ஸ்டாக்

1968 அக்டோபரில் வெளிவந்த எலெக்ட்ரிக் லேடிலேண்ட் அமெரிக்காவில் முதலிடம் பெற்றது. அதன் பதிவு நாட்களிலேயே சாண்ட்லர் விலகினார். ஒரே பாடலைத் திரும்பத் திரும்பப் பதிவு செய்த ஹென்ட்ரிக்சின் போக்கு அவருக்கு ஒத்துவரவில்லை. 1969 நடுவில் எக்ஸ்பீரியன்ஸ் குழுவும் கலைந்தது. அவ்வாண்டு மே மாதம் டொராண்டோ விமான நிலையத்தில் போதைப்பொருள் வைத்திருந்ததாகக் கைதானார். டிசம்பரில் விடுதலை பெறும் வரை அவ்வழக்கின் நிழல் தொடர்ந்தது.

நியூயார்க் மாநிலத்தில் நடந்த உட்ஸ்டாக் விழாவில் இறுதிக் கலைஞராக ஆகஸ்ட் 18, 1969, திங்கட்கிழமை காலையில் மேடையேறினார். மழையும் தாமதமும் காரணமாகக் கூட்டத்தின் பெரும்பகுதி அதற்குள் கலைந்துவிட்டது. வெள்ளை ஸ்ட்ரடோகாஸ்டரில் அமெரிக்க நாட்டுப்பண்ணை வாசித்தார். மெட்டு இடையிடையே உடைந்து, வீழும் குண்டுகளாகவும் அலறலாகவும் ஒலித்து, மீண்டும் மெட்டுக்குத் திரும்பியது. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலம். பலர் இதைப் போர் எதிர்ப்பாகக் கொண்டனர். சிலர் அவமதிப்பு என்றனர். தொலைக்காட்சியில் கேட்கப்பட்டபோது, தமக்கு அது அழகாகவே தோன்றுவதாக அவர் விடையளித்தார். முன்னாள் வான்படை வீரர் ஒருவர் வாசித்தது என்பதை இவ்விவாதத்தில் பலரும் மறந்துவிடுகின்றனர்.

இறுதி ஆண்டு

1965-இல் கையெழுத்திட்ட ஒப்பந்தம் வழக்காக உருவெடுத்தது. அதைத் தீர்க்க ஓர் இசைத்தொகுப்பைக் கொடுக்க வேண்டியதாயிற்று. பில்லி காக்ஸ், டிரம்ஸ் கலைஞர் படி மைல்ஸ் ஆகியோருடன் 1969 டிசம்பர் 31, 1970 சனவரி 1 ஆகிய நாட்களில் நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் வாசித்தவை பேண்ட் ஆஃப் ஜிப்சிஸ் என்ற தொகுப்பாக வெளிவந்தன. கடனைத் தீர்க்க வந்த இத்தொகுப்பில் உள்ள மெஷின் கன், பன்னிரண்டு நிமிடங்களுக்கு மேல் நீளும் போர்ப் பாடல். பெடல்கள் நான்கும் அதில் ஒலிக்கின்றன. கருவிகளை அவர் எந்த அளவுக்குத் தம்வயப்படுத்தியிருந்தார் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று இல்லை எனலாம்.

கலையக வாடகைக்குப் பெருந்தொகை செலவானதால் கிரீனிச் வில்லேஜில் சொந்தமாக எலெக்ட்ரிக் லேடி கலையகத்தைக் கட்டினார். நிலத்தடி ஓடை நீர் புகுந்து கட்டுமானம் தாமதமாயிற்று. செலவு சுமார் பத்து இலட்சம் டாலரை எட்டியது. ஆகஸ்ட் 26, 1970 அன்று திறப்பு விழா நடந்தது. அடுத்து ஐரோப்பியப் பயணத்துக்குச் சென்ற ஹென்ட்ரிக்ஸ் அங்கு திரும்பவேயில்லை. ஒயிட் தீவு விழாவில் இடக்கையாளருக்கென்றே செய்யப்பட்ட கறுப்பு ஃபிளையிங் வி கிட்டாரையும் வாசித்தார். காவலர்களின் கம்பியில்லாப் பேச்சு இவரது பெருக்கிகள் வழியே கேட்டு இடையூறு செய்தது. செப்டம்பர் 6 அன்று ஜெர்மனியின் ஃபெமார்ன் தீவில் நடந்ததே கடைசி இசைவிழா நிகழ்ச்சி.

செப்டம்பர் 18, 1970 அன்று லண்டனில் இறந்தார். அகவை 27. அளவுக்கு மீறிய உறக்க மாத்திரைகளால் மயங்கிய நிலையில் வாந்தி மூச்சுக்குழாயை அடைத்ததாக மருத்துவ ஆய்வில் தெரிந்தது. விசாரணை அதிகாரி திட்டவட்டமான முடிவு கூறாமல் விட்டார். அதனால் ஐயங்கள் இன்றளவும் எழுப்பப்படுகின்றன. எனினும் வேறு காரணம் எதுவும் நிறுவப்படவில்லை. இவருக்குப் பரிசளிக்க இடக்கை ஸ்ட்ரடோகாஸ்டர் ஒன்றை அந்நாட்களில் வாங்கி வைத்திருந்ததாகவும், கொடுக்க வாய்ப்பின்றிப் போனதாகவும் கிளாப்டன் பின்னாளில் கூறியுள்ளார். உடல் சியாட்டிலுக்கு அருகிலுள்ள ரென்டனில் அடக்கம் செய்யப்பட்டது.

மறைவுக்குப் பின்

உயில் எழுதாமல் இறந்ததால் சொத்து தந்தைக்குச் சேர்ந்தது. ஆயினும் பாடல்களின் உரிமை நீண்ட காலம் பிறர் பொறுப்பில் இருந்தது. வழக்குக்குப் பின் 1995-இல் ஆல் ஹென்ட்ரிக்ஸ் அதை மீட்டார். வழக்குச் செலவுக்கு, சியாட்டிலைச் சேர்ந்த மைக்ரோசாஃப்ட் இணை நிறுவனர் பால் ஆலன் நிதியுதவி செய்தார். முன்னர் ஐந்து டாலர் கிட்டாரோடு தொடங்கிய மகனின் பாடல்களுக்காகத் தந்தை தம் எழுபதுகளில் வழக்காட நேர்ந்தது. அவர் 2002-இல் காலமானார்.

உட்ஸ்டாக்கில் வாசித்த வெள்ளைக் கிட்டாரை மிட்ச் மிட்செல் வைத்திருந்தார். 1990-இல் அது லண்டன் ஏலத்தில் 198,000 பவுண்டுகளுக்கு விலைபோயிற்று. பின்னர் பால் ஆலன் அதை வாங்கி, 2000-இல் சியாட்டிலில் தாம் திறந்த இசை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைத்தார். அஸ்டோரியாவில் எரித்த கிட்டார் எனக் கூறப்பட்டது 2008-இல் 280,000 பவுண்டுகளுக்கு ஏலம் போனது. ஃபஸ் ஃபேஸ், யூனி-வைப், ஆக்டேவியா ஆகியவற்றின் மறுபதிப்புகள் பல நிறுவனங்களால் தயாரிக்கப்படுகின்றன. வலக்கையாளர்களுக்காகத் தலைப்பகுதியையும் பிக்கப் சாய்வையும் வேண்டுமென்றே தலைகீழாக்கிய ஸ்ட்ரடோகாஸ்டர்களையும் ஃபெண்டர் நிறுவனம் வெளியிட்டுள்ளது.